கச்சான் உருண்டை சாப்பிட்ட பிள்ளை

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் நபீஸா சொன்னது பச்சைப் பொய். ஏழு வயது சப்னா அந்த நேரம் பக்கத்து வீட்டு வாசலில் ஒற்றைக்காலில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“முந்தாநாள் கேட்டப்போ கூட்டிட்டு வாறன் எண்டீங்க. இப்ப காய்ச்சலா?” என்றாள் இர்ஷானா. ஏறாவூரில் நிலக்கடலையில் கச்சான் உருண்டை பிடிக்கும் நிலையம் ஒன்றுக்கு அவள்தான் பொறுப்பு, நபீஸா அங்கே வேலை செய்கிறவள்.

“ராவு புடிச்சது மிஸ். மேல் நெருப்பாக் கொதிக்குது.”

நிலையத்து விழா மேடையின் பின்னால் ஆளுயரப் பதாகை ஒன்று வாவிக் காற்றில் படபடத்தது. இடப்பக்கம் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய ஒரு சப்னா. வலப்பக்கம் கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் கொழுகொழு சப்னா.

இரண்டுக்கும் நடுவில் சிவப்பு அம்புக்குறி. கீழே கொட்டை எழுத்தில், ‘சீனி இல்லை, பாம் எண்ணெய் இல்லை. பீனட் பட்டரும் பேரீச்சம்பழமும் மட்டுமே. மூன்றே மாதத்தில்!’ என்று போட்டிருந்தது.

பிள்ளையின் படம் இரண்டு வேண்டும் என்று இர்ஷானா கேட்டிருந்தாள். நபீஸா தன் போனில் இருந்ததில் இரண்டை அனுப்பினாள். மிச்ச வேலையை இர்ஷானா பார்த்துக்கொண்டாள்.

விழாவுக்குக் கொழும்பிலிருந்து இப்றாஹிம் வந்திருந்தார். நிலையத்துக்குக் காசு கொடுக்கும் அமைப்பின் தலைவர். இன்றைக்கு அவர் மனம் குளிர்ந்தால் நிலையம் இன்னும் ஒரு வருடம் ஓடும், குளிராவிட்டால் உருண்டை பிடிக்கும் பதினான்கு பெண்களும் நாளைக்கே வீட்டில்.

மற்றவர்களுக்காவது வீட்டில் உழைக்க ஓர் ஆண் உண்டு. புருஷன், சப்னாவின் வாப்பா பதியுதீன் மௌத்தாகி மண்ணுக்குள் போன இந்த இரண்டு வருடமும் நபீஸாவின் அடுப்பு எரிந்தது அவள் கை உழைப்பால்தான். இந்த வேலையும் போனால் அவளுக்கு வேறு கதியில்லை.

இப்றாஹிம் பதாகையை ஆற அமரப் பார்த்தார். “மெலிஞ்ச படத்துல முன்பல்லு ரெண்டும் இல்ல. கொழுத்த படத்துல வரிசையாப் பல்லு. உங்கட உருண்டை பல்லையும் முளைக்க வெச்சிருக்கே!”

சபை கைதட்டிச் சிரித்தது. பெரிய மனிதர் பகிடி விட்டால் சிரிக்காமல் இருக்க முடியுமா? பின்வரிசையில் உருண்டை பிடிக்கும் பெண்கள் மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்கள்.

“சரி, அந்தப் பிள்ளைய மேடைக்குக் கூப்பிடுங்க. நானும் ஒரு படம் எடுக்கணும்.”

இர்ஷானா நபீஸாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். “உண்மையச் சொல்லுங்க. புள்ள கொழுத்திரிக்கி, கண்ணூறு பட்டுடும் எண்டுதானே ஒளிச்சு வெச்சிரிக்கீங்க?”

நபீஸா தலையைக் குனிந்தாள். “ஓம் மிஸ். இவ்வளவு சனத்துக்கு முன்னுக்கு வேணாமே.”

“இந்தக் காலத்துலயும் கண்ணூறா? வீட்டுக்குப் போய் ஓதி ஊதிக்கொள்ளுங்க. நான் ஆட்டோ அனுப்புறன்.”

“மிஸ், அல்லாஹ்வுக்காக, வேணாம் மிஸ்.”

இர்ஷானா அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள். முன்வரிசையில் இருந்த அதிகாரிகளின் மனைவிமார், நல்ல சதைப்பிடிப்பான பிள்ளையைப் பெற்றவளுக்குக் கவலையும் அதிகந்தான் என்று பேசிக்கொண்டார்கள். நபீஸாவின் கண் வாசலிலேயே இருந்தது.

தட்டுகளில் உருண்டை வந்தது. மற்ற நாளில் அதைப் பிடிக்கிறவர்கள் ஒன்றைக்கூட வாயில் போடக்கூடாது. உடைந்தது திரும்ப இயந்திரத்துக்கும் நல்லது கொழும்புக் கடைகளுக்கும் போகும், அதுதான் அங்கே சட்டம்.

இன்றைக்கு விழா என்பதால் ஆளுக்கு ஒன்று. நபீஸா தன் பங்கைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். “தின்னன் புள்ள, நீ புடிச்சதுதானே” என்றாள் பக்கத்து வீட்டு றுக்ஷானா, அவள் முகத்தைப் பார்க்காமலே.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. நபீஸா ஓடிப்போய்த் தடுக்கத்தான் எழுந்தாள், அதற்குள் இர்ஷானா முந்திக்கொண்டாள்.

பிள்ளையைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்து மேடையில் ஏற்றிய பிறகுதான் இர்ஷானா அவளைச் சரியாகப் பார்த்தாள். சட்டை ஒரு தோளில் நிற்காமல் நழுவியது. பிடித்திருந்த பிள்ளையின் கை இரண்டு விரலுக்குள் அடங்கிப்போகும் அளவுக்கு மெலிந்திருந்தது.

இர்ஷானா பதாகையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இப்றாஹிம்தான் சமாளித்தார். ஓர் உருண்டையை எடுத்துச் சப்னாவிடம் நீட்டி, “இவ சின்னவ போல. ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்க. படத்துல இருக்கிற மூத்த பிள்ள எங்கம்மா?” என்று சிரித்தார்.

நபீஸா கீழே நின்று கண்ணால் கெஞ்சினாள். சப்னா உம்மாவைப் பார்க்கவில்லை. உருண்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பதாகையை அண்ணாந்து பார்த்தாள்.

“ரெண்டும் நான்தான் சேர். கொழுத்த படம் வாப்பா இரிக்கக்குள்ள எடுத்தது.”