ஐந்து பன்றிகளும் ஓர் எலியும்

சலவைக்கடை அவிடியஸ் சாமி கும்பிட்டு அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் அன்று காலை குளித்து, வெளுத்த உடை உடுத்தி, நாற்சந்தித் தெய்வங்களின் பலிக்கு முதல் ஆளாகக் கிளம்பினார். இடுப்பில், மேலாடைக்குள், ஒரு தோல் பை. பைக்குள் உயிரோடு ஓர் எலி.

"சாமிக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட உங்களுக்குக் கை வராது. எலிக்கு மட்டும் வேளாவேளைக்குப் பாலாடைக்கட்டியா?" என்றாள் மனைவி ஒப்பியா.

"கத்தாதடி. நம்ம கடையைக் காப்பாத்தப் போறதே இந்த எலிதான்."

கடைக்கு வந்த ஆபத்தின் பெயர் கிரானியஸ். மீனை உப்பில் ஊறவைத்து, அழுகவிட்டு, அந்தச் சாற்றை விற்றுப் பணக்காரர் ஆனவர். அவர் வருகிறார் என்பது தெரு நாய்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்த மனிதரின் மூக்குக்கு, தெருமுனையில் அவிடியஸ் வைத்திருந்த ஜாடிகள் நாறினவாம். வருகிறவர் போகிறவர் சிறுநீரால் நிரப்பிவிட்டுப் போகும் ஜாடிகள். அது இல்லாமல் எந்தச் சலவைக்கடையில் துணி வெளுக்கும்? 'என்னைச் சந்தை அதிகாரி ஆக்குங்கள், மறுநாளே ஜாடிகளை உடைக்கிறேன்' என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதிவைத்துவிட்டார். தேர்தலுக்கு இரண்டே நாள். அதற்குள் ஒரு பன்றியைப் பலி கொடுத்து, பக்திமான் என்று பெயர் வாங்கப் பார்த்தார்.

பலியில் ஒரு சொல் தடுமாறினாலும், ஓர் எலி கீச்சென்றாலும், எல்லாம் வீண். வேறு பன்றியைக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாமியே வேண்டாமென்று தள்ளிய ஆளுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? அவிடியஸ் போட்ட திட்டம் இவ்வளவுதான். மாட்டிக்கொண்டால் தெய்வக் குற்றம். கடையும் போகும், முதுகுத் தோலும் போகும்.

நாற்சந்தியில் நல்ல கூட்டம். பக்தி ஒன்றும் பொங்கி வழியவில்லை; பன்றி வாட்டும் வாசனை இழுத்து வந்திருந்தது. வாசனையோடு சரி. தேர்தல் மாதத்தில் வேட்பாளர் ஒன்பது பேருக்கு மேல் விருந்து வைத்தால் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். அதைக் கண்காணிக்க நகர மன்றத்து ஆள் ஒருவர், சிரிக்கவே தெரியாத முகத்தோடு முன்வரிசையில் நின்றார்.

பலி கொடுப்பவர் வழக்கப்படி கிரானியஸ் தலையில் முக்காடு இழுத்துக்கொண்டார். பன்றி விழுந்தது. ஈரலும் குடலும் நெருப்பில் ஏறின. வேறு சத்தம் எதுவும் காதில் விழாதபடி ஊதிக்கொண்டிருந்த குழல்காரன் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினான். அவிடியஸ் பையைக் கிள்ளினார்.

கீச்!

"எலி! எலி கத்திச்சு!"

"உனக்கும் கேட்டுச்சா?"

"செவிடனுக்கே கேட்டிருக்கும்யா!"

கிரானியஸ் முக்காட்டை விலக்கினார். விற்காத மீன் போல அவர் முகம் தொங்கியதை அவிடியஸ் ரசித்துப் பார்த்தார்.

"தெய்வங்களுக்கு மனசு குளிரலை," என்றார் கிரானியஸ் தழுதழுத்து. "இன்னொண்ணு கொண்டாங்கப்பா."

கெட்டுப்போன பலியின் இறைச்சி, கொடுத்தவர் வீட்டுக்குள் போகக் கூடாது. அதைத் தெருக்காரர்களிடம் தள்ளிவிட்டு இரண்டாம் பன்றியை இழுத்து வந்தார்கள். முடிகிற நேரத்தில் மறுபடியும் கீச்! இம்முறை அவிடியஸ் கை வைக்கவே இல்லை. 'நம்ம எலிக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது' என்று பூரித்துப்போனார். மூன்றாவது பன்றிக்கும் கீச். நான்காவதற்கும் கீச்! ஐந்தாவது பன்றிதான் ஒருவழியாக ஒழுங்காகச் சாமியிடம் போய்ச் சேர்ந்தது.

மதியம் வீட்டில் பையை அவிழ்த்தால் உள்ளே எலி இல்லை. அடியில் கடித்த ஓட்டை மட்டும் இருந்தது.

"பாதியிலயே ஓடியிருக்கு. அப்புறம் கத்தினது யாருங்க?" என்றாள் ஒப்பியா.

"சாமிடி! சாமியே நம்ம பக்கம் வந்துடுச்சு!" என்று அவிடியஸ் வாழ்க்கையில் முதல்முறையாக வீட்டு மாடத்தில் சாம்பிராணி போட்டார். மிகச் சிறிய சிட்டிகைதான்.

அப்போது கதவு தட்டப்பட்டது. கிரானியஸ் வீட்டுக் காரியஸ்தன் ஹைலஸ், கையில் ஒரு முழுப் பன்றித் தொடையோடு நின்றான்.

"ஐயா, நீங்க பையைக் கிள்ளினதை எசமான் பார்த்துட்டாரு."

அவிடியஸ் ஓட்டைப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "தம்பி, நான் இல்லப்பா... அது எலி தானாவே..."

"எதுக்குப் பதறுறீங்க? எசமான் உங்களுக்கு நன்றி சொல்லிட்டு வரச் சொன்னாரு. விருந்து வெச்சா மன்றத்துக்காரன் பேரை அடிச்சிருப்பான். பலி கெட்டுப்போய்த் தெரு சாப்பிட்டா அவன் யாரைப் பிடிப்பான், சாமியையா? நாலு பன்றி, ஐயா! வாயைத் துடைச்சுக்கிட்டே மொத்தத் தெருவும் ஓட்டுப் போடறதா சத்தியம் பண்ணிட்டுப் போச்சு. ஜாடியை மட்டும் நீங்களே எடுத்துடுங்க, உடைக்க மனசு வரலைன்னாரு."

"அப்போ... மத்த மூணு தடவை கத்தினது?"

ஹைலஸ் தொடையை ஒப்பியாவின் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினான்.

"கூலி பேசி நாலு பேரை எலியோட நிறுத்தியிருந்தோம் ஐயா, நீங்க முந்திக்கிட்டதால ஒருத்தன் கூலி எங்களுக்கு மிச்சம்."