பொழுது சாய்வதற்குள்

கல்லூரியின் திறந்த மேடை மீது ராஜகிரி மலையின் நிழல் மெல்ல ஏறிவருகிறது. பழைய நாடகம் ஒன்று நடக்கிறது. காதலன் சைவன், காதலி சமணப் பெண். சூரியன் மறைந்துவிட்டால் அவள் உண்ணக் கூடாது. அதற்குள் அவன் ஓடிவந்து தயிர்ச்சோறு ஊட்ட வேண்டும். சமணப் பெண்ணாக நிற்கும் மெஹ்ரீனுக்கோ இன்று ரமலானின் முதல் நோன்பு. நேற்றிரவுதான் பிறை தெரிந்தது. ஒத்திகைகளில் உண்மையாகவே சாப்பிட்டவள், இன்று முடியாது என்று யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு மேடைவரை வந்துவிட்டாள். மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டாலும் நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. காதலனாக நடிக்கும் பார்த்திபன் வாழையிலைப் பொட்டலத்தோடு ஓடிவந்து அவள்முன் மண்டியிடுகிறான். "பொழுது சாய்வதற்குள் உண்டுவிடு, கண்ணே." "ஊட்டி வுடுடா மச்சான்!" என்று கூட்டத்தில் ஒரு குரல், விசில். மறுத்தால் நாடகம் கெடும். உண்டால் நோன்பு முறியும். இலை பிரிகிறது. உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை. ஐந்து விரல்களையும் குவித்து, வெறும் கையை அவன் அவள் உதட்டருகே கொண்டுவருகிறான். அவள் வாய் திறந்து வாங்கி, மெதுவாக மெல்லுகிறாள். கண் நிறைகிறது, ஒத்திகையில் ஒருநாளும் நிறைந்ததில்லை.

காட்சி முடிந்து திரைக்குப் பின்னால் வந்ததும், "சோறு இன்னா ஆச்சு?" என்கிறாள்.

"நான் துன்னுட்டேன். மத்தியானம் நீ டீ வேணான்னப்பவே தெரிஞ்சிடுச்சு."

இடுப்புத் துணியின் மடிப்பிலிருந்து, காகிதத்தில் சுற்றிய பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறான். அவள் விரல்களை மூடிக்கொள்கிறாள். ஊருக்குள்ளிருந்து பாங்கு ஒலி வருகிறது.

"பொழுது சாஞ்சிடுச்சு," என்கிறான் பார்த்திபன். "இப்ப சாப்டு."