அசையாதவர்

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவின் வீடியோவைச் சுமந்த பழைய டிஸ்க் ஒன்று, கம்ப்யூட்டரின் வாய்க்குள் போனதும் வெலவெலத்துப் போயிற்று. உடம்பெல்லாம் கீறல். இன்னொரு தரம் ஓடுமோ என்னவோ.

"பயப்படாதீங்கக்கா, சின்னதா சுருக்கி வச்சுக்கிறேன்," என்றது கம்ப்யூட்டர்.

"சுருக்கினா முகம் கெட்டுப் போகாதா தம்பி?"

"ஆடுறது ஓடுறதைத்தான் திரும்பத் திரும்ப எழுதணும். அசையாம இருக்கிறதை ஒரு தரம் எழுதிட்டு அப்படியே விட்டுடுவேன்."

விட்டுவிடுவானாமே! டிஸ்க் தன்னுள் பதிந்திருந்த காட்சியை நினைத்துப் பார்த்தது. மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் ஓர் ஆள் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி ரெஜினாளின் கணவர். இப்போது அவர் இல்லை. அவர் இருக்கிற வீடியோ வீட்டில் இது ஒன்றுதான்.

"ஐயோ, அவரை விட்டுடாதேப்பா!"

சுழலும் இரைச்சலில் அது கம்ப்யூட்டரின் காதில் விழவில்லை. "ஆண்டவரே, நீரே காப்பாற்றும்" என்று டிஸ்க் வழிநெடுக வேண்டிக்கொண்டே சுற்றியது.

சுற்று நின்றது. ரெஜினாள் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஓடித் திரிந்த பிள்ளைகளின் முகம் லேசாக மசங்கியிருந்தது. கடைசி பெஞ்சைப் பார்க்க டிஸ்குக்குத் தைரியம் வரவில்லை. "கடைசி பெஞ்சில இருந்தவரு தம்பி...?" என்று இழுத்தது.

"அவர்தான் அசையவே இல்லையேக்கா," என்றது கம்ப்யூட்டர். "வச்சது வச்சபடி இருக்கார், பாருங்க."

ரெஜினாள் திரையருகே குனிந்தாள்.

"ஏங்க, கையில செபமாலை இருக்கே! பூசையில தூங்குறீங்கன்னுல்ல அன்னைக்கு வஞ்சேன்."