எட்டு மீட்டர் நாற்பது

மூன்றாவது தடவையாக எனெய்தா அதே வரைபடத்தைத் திரையில் போட்டாள். இந்தத் தடவை அந்தப் புள்ளி இல்லை.

துறைத் தலைவர் ரென்டெரியாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வெளியே பசிபிக் பக்கத்து மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியின் வெள்ளிக்கிழமை ஆய்வுரைகளில் காலை வேளை தூய கணிதத்துக்கு. மத்தியானம் பயன்பாட்டுக் கணிதத்துக்கு. காலையில் அஸ்ப்ரில்யா பகா எண்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். மத்தியானப் பேச்சு எல்லோருக்கும் புரியும். அதனால்தான் ஆளாளுக்கு வாய் திறப்பார்கள்.

எனெய்தாவின் கணக்கு ரொம்பச் சாதாரணமானது. மலையில் இன்றைக்கு இவ்வளவு மழை என்றால், ஆறு எவ்வளவு ஏறும்?

இருபத்தைந்து வருடமாகக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பைப் பார்த்து எழுதிய எண்கள். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டிச் சமர்த்தாகப் போயின. ஒன்றே ஒன்று மட்டும் உயரத்தில், யாரோடும் சேராமல் நின்றது. அன்றைக்கு மழை கொஞ்சம்தான். ஆறு மட்டும் எட்டு மீட்டர் நாற்பது.

அதைச் சேர்த்தால் சின்ன மழைக்கெல்லாம் சைரன் ஊத வேண்டும். வருடத்துக்கு முப்பது தடவை. நீக்கினால் இரண்டு தடவை போதும்.

முப்பது தடவை அலறும் சைரனுக்கு நகராட்சி கையெழுத்துப் போடாது. போன இரண்டு தடவையும் போடவில்லை. ஆற்றங்கரை ஊர்கள் இன்னும் சைரன் இல்லாமலே கிடந்தன.

அதனால் நேற்று அவளே அந்தப் புள்ளியை அழித்தாள். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

முன்வரிசையில் நகராட்சியின் வெள்ளத் தடுப்பு அலுவலகத்து லொசானோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இப்பதான் மேடம் கோடு கோடு மாதிரி இருக்கு. நான்தான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! எட்டு மீட்டர் ஏறியிருந்தா ஆத்தோரக் கீழத்தெருவுல ஒருத்தராவது மிஞ்சியிருப்பாங்களா? எங்க வெள்ளப் பதிவேட்டுல அன்னிக்குச் செத்தவங்க ஒருத்தர்கூட இல்ல. அளக்கப் போனவன் கரும்புச் சாராயத்தை ஊத்திக்கிட்டுப் போயிருப்பான். நாலு எட்டாத் தெரிஞ்சிருக்கும்.”

அரங்கம் சிரித்தது. ரென்டெரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

எனெய்தாவும் உதட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

அஸ்ப்ரில்யா மட்டும் திரையைப் பார்க்காமல், கையில் கொடுத்திருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிடங்களைத்தான் அவருக்குப் பிடிக்கும்.

“நீங்க எடுத்துட்ட அந்த அளவுக்கு அப்புறம் பதினோரு நாள் காலியா இருக்கேம்மா, ஏன்?”

“அளக்க ஆள் இல்ல சார்.”

“பாத்தீங்களா!” லொசானோ தொடையில் தட்டினார். “வேலைக்கே வராத ஆளு. அவன் எழுதினதை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் மல்லுக்கு நின்னீங்களே!”

மறுபடி சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக அவர் பேனாவை எடுத்து அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். கைதட்டினார்கள். ஏழு ஊர்களுக்கு சைரன் வரப்போகிறது.

அன்றைக்குப் பெய்த மாதிரி மழைக்கு அந்த சைரன் ஊதாது. அது எனெய்தாவுக்கு மட்டும் தெரியும்.

அட்டவணையில் அளந்தவர் பெயர் இருக்காது. நிலையத்தின் எண் மட்டும்தான்.

மேலே மலை சரிந்து ஆற்றை மறித்து, சாயங்காலம் அந்த அடைப்பு உடைந்த நாள் அது. ஆறு மணிக்கு அந்த ஆள் அளவுக் கம்பைப் பார்த்தார். வீட்டுக்கு ஓடி வந்தார். எண்ணை நோட்டில் எழுதினார். பேனாவை நோட்டின் மேலேயே வைத்துவிட்டுக் கீழத்தெருவுக்குக் கதவு தட்டப் போனார்.

நாற்பத்தொரு வீடு. எல்லாக் கதவையும் தட்டினார். கைக்குழந்தைகள், கோழிகள் உட்பட மொத்தத் தெருவும் மாதா கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டது. லொசானோவின் பதிவேட்டில் ஒருத்தர்கூட இல்லாதது அதனால்தான்.

கதவு தட்டியவர் மேட்டுக்கு வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவர்களுக்கு வேறு பதிவேடு, வேறு அலுவலகம்.

இதை அவள் சொல்லியிருக்கலாம். சொந்தக் கதையைக் கணக்கில் கலக்கிறாள் என்பார்கள். பிறகு மற்றப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்ப்பார்கள். சைரனும் போகும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் எண்கள் மறுபடி தொடங்குகின்றன. தட்டச்சு செய்த அட்டவணையில் தெரியாது. பழைய நோட்டில் தெரியும். அங்கே கையெழுத்து வேறு. பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து, பதினைந்து வயதுக் கை. மை மட்டும் அதே மை, அப்பாவின் பேனாவில் மிச்சம் இருந்தது.

அவள் எழுதிய முதல் எண் இரண்டு மீட்டர் பத்து. அந்தப் புள்ளி கோட்டின் மேலேயே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.