வராத தேத்தண்ணி

“இன்னொருக்கா நைத்திரேற்று எண்டு சொன்னீரெண்டால் நான் எழும்பிப் போயிடுவன்,” என்றாள் பாலேஸ்வரி.

கனிசியஸ் திருதிருவென்று விழித்தான். அவனுடைய ஆராய்ச்சியே அதுதான். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளில் அந்த உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிய, ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் தண்ணீர் அள்ளி வந்து சோதித்தவன். சோதனைக் குழாயோடு தனியே விட்டால் சூரன். நாலு பேர் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கிழமை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் பொதுமக்கள் முன் பேச வேண்டும். பாமரனுக்கு விளங்கப் பேசாதவனை மேடையேற்ற மாட்டேன் என்று பேராசிரியர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

கூடப் படிக்கும் பாலேஸ்வரிக்கோ வாய் சும்மா இருக்காது. இவனைப் பேசவைத்துக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தாள். போரால் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் திரையில் படம் காட்டிச் சமாளிக்கவும் வழியில்லை.

“உம்மடை அம்மாவுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லும். ஆர் கை தட்டுகினம் எண்டு பாக்காதையும். கேட்ட சனம் பிறகு என்ன செய்யுது எண்டு பாரும்,” என்றாள் அவனிடம்.

ஒத்திகைக்கு அவள் பிடித்த இடம், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தன் மாமா பரமலிங்கத்தின் வீட்டு முற்றம். வெங்காயப் பயிர் செய்கிற ஊர். மாமாவின் ஒரு குரலுக்கு அயலெல்லாம் கூடிவிட்டது. பூரணம் மாமி வந்தவர்களைப் பாயில் இருத்திவிட்டுப் தேநீருக்குப் பெரிய கேத்திலில் தண்ணீர் நிரப்பிக் குசினி அடுப்பில் வைத்தாள்.

“தம்பி எந்த ஊர்?” என்று கேட்டார் மாமா.

“குருநகர், ஐயா.”

மாமா “ஓ” என்றார். பாலேஸ்வரி மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மீன்பிடிக்கிற கடற்கரைச் சாதி ஆள் என்றால் தேத்தண்ணிக்கு வேறு கோப்பை தேடுகிற வீடுகள் அந்த ஊரில் இன்னும் இருந்தன. மாமா வீடு அப்படியல்ல என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

கனிசியஸ் தரையைப் பார்த்துத்தான் தொடங்கினான். குரல் அவனுக்கே கேட்டிராது. போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று அவள் நினைத்தபோது அவன் நிமிர்ந்தான்.

“வெங்காயத்துக்கு யூரியா போடுறியள். வெங்காயம் தின்னாத மிச்சம் எங்கை போகுது?”

“மண்ணுக்கை,” என்றார் ஒருவர்.

“மண்ணுக்குக் கீழை?”

“சுண்ணாம்புக்கல்லு.”

“அது சல்லடை மாதிரி. அதுக்கும் கீழை?”

எல்லாத் தலைகளும் முற்றத்து மூலையில் இருந்த கிணற்றுப் பக்கம் திரும்பின. பாலேஸ்வரிக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

கைக்குழந்தையோடு முன்னால் இருந்த தங்கமுத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தானே பால்மா கரைக்கிறேன் என்றாள்.

“கொதிக்கவைச்சால் கிருமி சாகும் அக்கா. இந்த உரத்து உப்புப் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். பச்சைப்பிள்ளை நீலம் பாரிச்சுப் போகும்.”

தங்கமுத்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கனிசியஸ் மழை பெய்து ஓய்ந்த மாதிரிப் பேசி முடித்தான்.

ஒருவரும் கை தட்டவில்லை. தங்களுக்குள் குசுகுசுத்தபடி எழும்பி நடையைக் கட்டினார்கள். மாமா மாமியின் காதில் ஏதோ சொன்னார். மாமி குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்க வாழையடியில் கேத்தில் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு மாமா மாமி இருவரையும் காணவில்லை.

வெறும் முற்றத்தில் பாலேஸ்வரியும் கனிசியஸும்தான். முகம் மலர்ந்திருந்த கனிசியஸ், குசினி வாசலால் வெறும் அடுப்பைப் பார்த்ததும் சுருங்கிப்போனான்.

“வெளிக்கிடுவம். ஊர்ப்பேரைச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றான் மெல்ல. “மாமாவை ஏசாதையும், எனக்குப் பழக்கம்தான். ஆனால் நான் நல்லாக் கதைச்சனான், என்ன?”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைக் கொன்றது. நம்பி வந்தவனை நடுமுற்றத்தில் வைத்து அவமானப்படுத்திவிட்டார்களே என்று வெட்கமும் கோபமும் தலைக்கேறின. இனி இந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டே போவது என்ற முடிவோடு வீட்டின் பின்பக்கம் பாய்ந்தாள்.

“மாமி, வந்த ஆளுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்க உங்களுக்கு மனம் வரேல்லையோ?”

தென்னையடியில் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மாமி திரும்பிப் பார்க்கவேயில்லை. ஏணியின் நுனியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஒரு இளநீர்க் குலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“கத்தாதை பிள்ளை, மனிசன் விழுந்திடும். கொதிக்கவைச்சால் இன்னும் கூடும் எண்டு அந்தப் பிள்ளை அவ்வளவு வடிவாச் சொன்ன பிறகு, உந்தக் கிணத்துத் தண்ணியிலை எப்பிடியடி அவனுக்குத் தேத்தண்ணி ஊத்துறது?”