கல்தரையில் ஒரு கட்டில்

இதை எனக்குச் சொன்னவர் என் அத்தான். நான் நேரில் பார்க்கவில்லை. பழைய துறைமுகத்தை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகளில் ஒன்றில் அவர் காவலாளி. கொஞ்சம் கூட்டிச் சொல்வார். பொய் சொல்ல மாட்டார்.

கட்டடத்துக்கு எதிரே கல் பதித்த நடைபாதை. அதன் ஓரத்தில் இரும்புக் கைப்பிடி. தாண்டினால் தண்ணீர்.

ஒரு வேன் பின்னோக்கி வந்து இடித்ததில், ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குக் கைப்பிடி பெயர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்குப் பொறுக்கவில்லை. அவர் மனைவிக்குப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. தினமும் மாலையில் அந்தக் கைப்பிடியில் கையை ஓடவிட்டபடிதான் நடப்பார். துணையில்லாமல் அவர் போகிற ஒரே இடம் அது.

செயலாளர் வாசலிலேயே நின்று நகராட்சிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். அத்தானுக்கு எல்லாம் கேட்டது.

"கல்தரைதான் சார் எங்களுது," என்றார் நகராட்சி மேற்பார்வையாளர். "கைப்பிடி துறைமுகத்தோடது."

துறைமுகத்தில், "எங்களுக்குத் தண்ணி மட்டும்தாங்க. கைப்பிடி வெச்ச கம்பெனியைக் கேளுங்க."

கம்பெனியில், "நாங்க ஒப்படைச்சாச்சு சார்."

"யார்கிட்ட?"

"அதைத்தான் இன்னும் பேசிட்டு இருக்காங்க."

செயலாளர் மறுபடி நகராட்சிக்கு அடித்தார்.

"ஏங்க, என் வீட்டம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கம்பியைத் தடவிக்கிட்டேதான் நடப்பா. விழுந்துட்டா யாரு பொறுப்பு?"

"கல்லுல விழுந்தா எங்ககிட்ட வாங்க சார். தண்ணில விழுந்தா துறைமுகம்."

"நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று கத்திவிட்டு வைத்தார்.

அந்த அம்மா வீட்டோடு அடைந்து கிடந்தார். பால்கனிக் கம்பியைத் தடவிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்ததை அத்தான் கீழிருந்து பார்த்திருக்கிறார்.

பிறகு ஒரு நாள் காலை, அந்த இடைவெளியில் ஒரு பழைய இரும்புக் கட்டில். பக்கவாட்டில் நிமிர்த்தி, துணி காயப்போடும் கயிற்றால் இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டியிருந்தது.

செயலாளர் குதித்தார். "இது நடைபாதையா, பழைய இரும்புக் கடையா?"

"யாரு போட்டா என்னங்க?" என்றார் மனைவி. "கைக்கு இரும்பு தட்டுதில்ல? நான் இன்னிக்கு நடக்கப் போறேன்."

"உனக்குப் புரியாது. இது இங்க இருந்தா, 'அதான் அடைச்சாச்சே'ன்னு மூணு பேரும் கையைக் கழுவிடுவாங்க. உண்மையான கம்பி எப்பவும் வராது."

"உண்மையான கம்பி வர்ற வரைக்கும் நான் வீட்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்கணுமா?"

அவர் போனை எடுத்தார்.

"கல்தரையில கிடக்கிற பொருளா? அப்ப எங்களுதுதான் சார்," என்றார் மேற்பார்வையாளர். குரலில் சுரத்தே இல்லையாம்.

கைப்பிடிக்கு வராத நகராட்சி, கட்டிலுக்கு மத்தியானமே லாரியோடு வந்தது. ஏற்றிக்கொண்டு போனதும் செயலாளர் அந்த இடத்தில் ஒரு பலகை நட்டார்: 'பொது இடத்தில் சொந்தப் பொருட்களை வைக்காதீர்கள். இப்படிக்கு, செயலாளர்.'

மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்திலேயே கட்டில். அதே கட்டில்.

மறுபடி புகார். மறுபடி லாரி. மறுபடி கட்டில்.

"எவனோ என்னோட விளையாடறான். இன்னிக்கு அவனை விடறதில்லை," என்று செயலாளர் விடியற்காலையில் அத்தானை இழுத்துக்கொண்டு போய்த் தூண் மறைவில் நின்றார்.

மூச்சிரைக்க ஒருவர் கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் கட்டில்.

"டேய், யார்ரா நீ?"

"கத்தாதீங்க சார். நான்தான்."

ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல்.

"நகராட்சி மேற்பார்வையாளரா? நீங்களா?"

"கைப்பிடியை நான் சரிபண்ணா, 'அடுத்தவங்க பொருளை எப்படித் தொட்டே'ன்னு வேலைக்கே உலை வெச்சிடுவாங்க. குப்பைன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதான் எங்க வீட்டுக் கட்டிலைக் கொண்டுவந்து கட்டினேன்." அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க புகார் பண்ணா நானேதான் லாரி அனுப்பணும். எடுத்துட்டு வந்ததைக் கிடங்குலேருந்து நானேதான் திரும்பத் தள்ளிட்டு வரணும். தரையில படுத்துப் படுத்து இடுப்பு போச்சு சார். தயவுபண்ணி வாயை மூடிட்டு இருங்க."

"அன்னிக்குப் போன்ல அப்படிப் பேசினீங்களே?"

"அது ஆபீஸ் பதில் சார். எல்லாம் பதிவாகுது. வேற எப்படிப் பேசறது?" என்று கயிற்றைப் பிரித்தார். "வீட்டுக்குப் போனா சோறு இறங்கலை. அந்தம்மா கம்பியைத் தடவிக்கிட்டு வர்றதே கண்ணுல நிக்குது."

செயலாளர் குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாராம்.

இந்த இடத்தில்தான் அத்தான் கூட்டிச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அப்படியே எழுத மனசு வரவில்லை. போன வாரம் நானே போய்ப் பார்த்தேன்.

கைப்பிடி இன்னும் வரவில்லை. கட்டில் இருக்கிறது. ஓர் அம்மா இரும்பில் கையை ஓடவிட்டபடி என்னைத் தாண்டிப் போனார்; கட்டில் வந்த இடத்தில் கை ஏறி இறங்கியது, நடை நிற்கவில்லை.

கட்டிலின் நடுவில் சில சட்டங்கள் இல்லை. ஒரு குழந்தை நுழைகிற அளவு சந்து. அதை யாரோ ஒரு பலகையை வைத்துக் கட்டி அடைத்திருந்தார்கள். எழுத்து தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்தது. எட்டிப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது:

'பொது இடத்தில் சொந்தப் பொருட்களை வைக்காதீர்கள். இப்படிக்கு, செயலாளர்.'