பூனையின் கொட்டாவி

"பல்லைக் காட்டச் சொன்னா கொட்டாவி விடுறியே!" என்று தலையில் அடித்துக்கொண்டது எலி.

"பதற்றம் வந்தா எனக்குக் கொட்டாவிதான் வருது," என்றது பூனை.

மறுநாள் அரிசிக் கிடங்கில் எலி பிடிக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வு. தேர்வானால் பூனைக்குத் தினமும் ஒரு கிண்ணம் பால். போட்டிக்கு வருவது மீன் சந்தைக் கடுவன் பூனை. அதற்கு வேலை கிடைத்துவிட்டால் கிடங்கில் குடியிருக்கும் எலியின் கதை முடிந்தது.

"எத்தனை எலி பிடிச்சேன்னு கேட்டா?"

"எண்ணினதில்லைன்னு சொல்லு. அது பொய்யும் இல்லையே."

மறுநாள் கடுவன் தன் வீரத்தை அரைமணி நேரம் சொன்னது. கிடங்குக்காரர் மகிழ்ந்துபோய்ப் பால் கிண்ணத்தை அதன் பக்கம் நகர்த்தினார். பிறகு பேருக்குப் பூனையைப் பார்த்து, "நீ எத்தனை எலி பிடிச்சிருக்கே?" என்றார்.

பூனைக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

மூட்டைக்குப் பின்னால் நின்ற எலி, ஒரே ஓட்டமாக வந்து அந்த வாய்க்குள் தலையைக் கொடுத்தது.

"உட்கார்ந்த இடத்திலேயே பிடிச்சிட்டியே!" என்று துள்ளி எழுந்தார் கிடங்குக்காரர். "இன்னிக்கே சேர்ந்துக்கோ."

பால் கிண்ணம் பூனையின் பக்கம் திரும்பி வந்தது.

எல்லோரும் போனபின் பூனை எலியை மெல்லக் கீழே இறக்கியது. பிறகு, எலிக்கு எட்டும்படி கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தது.